பேஸ்மென்ட் சுவருக்கு ட்ரைவோல் அடித்த அனுபவம்

போன குளிர்காலம் வாஷிங் மெஷினுக்குப் போகும் குழாய் கழன்று, டொரொன்டோ ஸ்காபரோவில் எங்கள் பேஸ்மென்டில் தண்ணீர் நின்றது. தரையைத் துடைத்தால் சரி. ட்ரைவோல் அப்படியில்லை. ஜிப்சத்தின் இரு பக்கமும் காகிதம் ஒட்டிய பலகை அது. நிற்கிற தண்ணீரை மேலே உறிஞ்சிக்கொண்டே போகும், நனைந்த காகிதத்தில் ஓரிரு நாளிலேயே பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும். கீழ்ப்பகுதியைக் கழற்றி நாங்களே மாற்றுவதென்று முடிவெடுத்தோம்.

வீடு 70களில் கட்டியது. 1990க்கு முந்திய வீடுகளில் பலகை இணைப்புக்குப் பூசிய கலவையில், தூசாக மூச்சில் போனால் புற்றுநோய் தரக்கூடிய அஸ்பெஸ்டஸ் நார் இருக்கலாம். அதனால் கத்தி வைக்குமுன் சுவரை ஈரமாக்கிச் சிறு துண்டெடுத்து, பையில் அடைத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பினோம். இல்லை என்று பதில் வந்த பிறகுதான் தொட்டோம். பழைய வீட்டுக்காரர்கள் யாரும் இதைத் தவிர்க்கவே கூடாது.

தண்ணீர் ஓரடிகூட ஏறவில்லை. ஆனாலும் படுக்கையாக அடித்த மேல், கீழ்ப் பலகைகள் சேரும் நடு இணைப்புவரை முழுப் பலகையையும் கழற்றினோம். பலகையின் நீள விளிம்புகள் சற்று மெலிந்திருக்கும். அப்படி இரண்டு விளிம்பு சேருமிடத்தில் பள்ளம் விழும். டேப்பும் கலவையும் அதற்குள் அடங்கிவிடும். இடையில் அறுத்தால் பள்ளம் கிடைக்காது, மேடுதான் தெரியும். சுவருக்குள் குளிரைத் தடுக்க வைத்திருந்த, நனைந்த இன்சுலேஷனை எறிந்து, மரச்சட்டங்கள் நன்றாகக் காயும்வரை காற்றாடியும் ஈரம் உறிஞ்சும் மெஷினும் ஓடின. பிறகு புது இன்சுலேஷன், அதன்மேல் ஈரக்காற்றைத் தடுக்கும் பிளாஸ்டிக் தாள், தாளின் மூட்டுகளில் சிவப்பு டேப்.

அரை அங்குலத் தடிப்பு, 4க்கு 8 அடிப் பலகை. அறுப்பதற்கு வாள் தேவையில்லை. முன்பக்கக் காகிதத்தைக் கத்தியால் கீறி, பின்பக்கமாக மடித்தால் கீறின கோட்டிலேயே முறியும். பின்காகிதத்தை வெட்டிவிட்டால் முடிந்தது. தரையிலிருந்து அரை அங்குலம் இடைவெளி விட்டுத்தான் நிறுத்தினோம், அடுத்த முறை ஈரம் வந்தாலும் ஏறாமலிருக்க. சட்டங்கள் 16 அங்குலத்துக்கு ஒன்று. ஒன்றேகால் அங்குல ஸ்க்ரூ. ஸ்க்ரூவின் தலை காகிதத்தை அமுக்கிக் குழி விழுத்த வேண்டும், கிழிக்கக் கூடாது. பலகையைப் பிடித்து வைத்திருப்பது அந்தக் காகிதம்தான். கிழிந்துவிட்டால் அந்த ஸ்க்ரூவைக் கணக்கில் எடுக்காமல் பக்கத்தில் இன்னொன்று அடிக்கவேண்டும்.

இவ்வளவும் உடம்பு வேலை. பூச்சு வேறு சங்கதி. கட்டட வேலைக்குப் போகிற பக்கத்து வீட்டு அண்ணை வந்து நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: “தடிப்பாப் பூசினா வெடிக்கும் தம்பி. மெல்லிசாப் பூசும், காய விடும், திரும்பப் பூசும்.”

முதலில் கலவை தடவி, அதன்மேல் காகித டேப்பை வைத்து, 6 அங்குல அகலப் பூச்சுத் தகட்டால் நடுவிலிருந்து இரு பக்கமும் இழுத்தேன். அடியில் காற்று நின்றால் பிறகு கொப்புளமாக எழும்பும். இழுக்கும்போது ஓரத்தால் கலவை பிதுங்கி வருவதுதான் சரியான அடையாளம். அது காய்ந்ததும் 10 அங்குலத் தகடு, கடைசியாக 12. ஒவ்வொரு பூச்சும் முந்தையதைவிட அகலம். ஈரமான சாம்பல் நிறம் முழுதாக வெளுக்கும்வரை அடுத்ததைத் தொடவில்லை; பேஸ்மென்டில் ஒரு நாளுக்கு மேலேயே எடுக்கிறது.

தேய்க்கும்போது மேல்விளக்கை நம்பாதீர்கள். அறையை இருட்டாக்கி, டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தால் ஒவ்வொரு வரியும் நிழலோடு எழுந்து நிற்கும். 150 நம்பர் மெல்லிய தேய்ப்புத் தாளால் அந்த இடத்தை மட்டும் தேய்த்தேன், N95 முகக்கவசத்தோடு. பெயின்டுக்கு முன் பிரைமர் என்கிற அடிப்பூச்சு கட்டாயம். காகிதமும் கலவையும் பெயின்டை ஒரே மாதிரிக் குடிப்பதில்லை.

மிஞ்சிய துண்டு மேல்மாடிக்குப் போனது. அங்கே கதவுக் கைப்பிடி இடித்து விழுந்த ஓட்டை. அதைச் சதுரமாக வெட்டி, அதைவிடப் பெரிய துண்டெடுத்து, ஓரத்து ஜிப்சத்தை உரித்து முன்காகிதத்தை மட்டும் சிறகுபோல் விட்டு, கலவை தடவி ஒட்டினேன். டேப்பும் வேண்டாம், பின்னால் மரமும் வேண்டாம். கதவுக்குப் பின்னால் ஒரு தடுப்பும் பூட்டியாயிற்று.