விடச் சொன்ன பட்டியல்

இரத்த அழுத்த மாத்திரை வாங்கப் போயிருந்தேன். அட்டையில் என் வயது 54 என்று பார்த்த தாதி, ஒரு சின்னக் குப்பியைக் கையில் கொடுத்தார். மலத்தில் கண்ணுக்குத் தெரியாத இரத்தம் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை. 50 முதல் 75 வயது வரை உள்ளவர்களுக்கு மலேசிய அரசு கிளினிக்குகளில் செய்கிறார்கள். கூச்சத்தில் மூன்று வாரம் அலமாரியிலேயே வைத்திருந்தேன். மனைவி கேட்டுக் கேட்டுத்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

இரத்தம் இருந்தது. குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்க, சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவுக்கு அனுப்பினார்கள். அதற்கு முந்தைய மூன்று நாளும் எவற்றை விடவேண்டும் என்று ஒரு தாள்: கீரை, பயறு, கடலை, தீட்டாத தானியம், விதையுள்ள பழம். அதைப் படித்ததும் மனம் கனத்துவிட்டது. விடுவதற்கு என்னிடம் எதுவுமே இல்லை. லோரி ஓட்டுகிறவன் நான். பசியாற ரொட்டி சானாய், மதியம் வெள்ளைச் சோறும் ஆட்டிறைச்சிப் பிரட்டலும், இரவில் பிள்ளைகளுக்குப் பொரித்த சாசேஜ். அப்பா தோட்டத்து லயத்து வீட்டுக்குப் பின்னால் போட்டிருந்த கீரைப் பாத்தி நினைவுக்கு வந்தது.

கேமரா விடுமுன் குடலைச் சுத்தமாக்கக் கொடுக்கும் பேதி மருந்து உப்புக் கரிக்கும், குளிரவைத்தால் இறங்கும். வெளியேறுவது தெளிந்த மஞ்சள் நீராகும்வரை விடாமல் குடியுங்கள். குடலில் கசடு தங்கினால் சிறு கட்டிகள் கேமராவின் கண்ணுக்குத் தப்பிவிடும்.

கேமராவில் தெரிந்த இரண்டு சதை வளர்ச்சிகளை அங்கேயே வெட்டி எடுத்தார்கள். புற்று இல்லை. இவை புற்றாக மாறப் பெரும்பாலும் பத்தாண்டுகள் பிடிக்குமாம்.

உணவு ஆலோசகர் பொறுமையாக விளக்கினார். சாசேஜ் போன்ற பதப்படுத்திய இறைச்சி குடல் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் அறிவித்தது. தினமும் 50 கிராம் சாப்பிட்டால் அபாயம் சுமார் 18 விழுக்காடு கூடும். நூற்றில் பதினெட்டுப் பேருக்கு நோய் வரும் என்று இதற்குப் பொருளில்லை; அவரவருக்கு ஏற்கெனவே உள்ள அபாயம் அந்த அளவு ஏறும். ஆடு, மாடு, பன்றி இறைச்சியைச் சமைத்த எடையில் வாரம் 500 கிராமுக்குள் நிறுத்தச் சொன்னார். மதுவும் அபாயத்தைக் கூட்டுகிறது. நார்ச்சத்தைக் குடல் நுண்ணுயிர்கள் புளிக்கவைத்து, குடல் சுவருக்கே உணவாக்குகின்றன. மலமும் தேங்காமல் நகர்கிறது.

இப்போது வேலியோரம் முருங்கை நிற்கிறது. சாசேஜ் வாங்குவதில்லை. ஆட்டிறைச்சி ஞாயிற்றுக்கிழமை மட்டும்.

அண்ணனுக்கு 58 வயது. குப்பி வாங்கிவந்து பத்து நாளாகிறது. நாளைக் காலையில் அவர் வீட்டு வாசலில் நிற்கப்போகிறேன்.