திருநெல்வேலிக்கே அல்வா, லூவனுக்கே பீர்

அத்தான் சூட்கேஸைத் திறந்தார். முதலில் பெரியம்மாவுக்குக் கடல்பாசித் தாள் வந்தது, பிறகு பிள்ளைகளுக்குக் காலுறை. எல்லாவற்றுக்கும் அடியில், பெரியப்பாவுக்கு வாங்கிய வேட்டிக்குள் சுருட்டி வைத்த ஆறு டின் பீர். "மாப்ளே, ஒரிஜினல் பெல்ஜியம் கிராஃப்ட் பீர். இம்போர்ட்டட்!"

கொரியாவின் சூவோனிலிருந்து பெல்ஜியத்துக்கு. அதுவும் நாங்கள் இருக்கும் லூவனுக்கு. டின்னில் ஹூகார்டன் என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. அந்த ஊர் நம் வீட்டிலிருந்து காரில் அரை மணி நேரம். அந்தப் பெயரை வைத்திருக்கும் ஏபி இன்பெவ், உலகத்திலேயே பெரிய பீர் கம்பெனி, அதன் தலைமையகம் இதே லூவனில். இப்படி யாராவது பாளையங்கோட்டைக்கு அல்வா கொண்டுவந்திருந்தால் அத்தான் பஸ் ஸ்டாண்டிலேயே வைத்து ஓட்டியிருப்பார்.

அக்கா டின்னை வாங்கித் திருப்பி, கொரிய எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் படித்தாள். "குவாங்ஜு-னு போட்டிருக்கு. இது கொரியாவிலேயே காய்ச்சினது."

அத்தான் முகத்தைப் பார்க்கணுமே! ஆனால் இது ஒன்றும் ரகசியமில்லை. 2008-லிருந்தே ஓரியண்டல் புரூவரி, சுருக்கமாக ஓபி, குவாங்ஜு ஆலையில் ஹூகார்டன் காய்ச்சியது. கொரியாக்காரர்களே அதை 'ஓகார்டன்' என்று கிண்டல் செய்தார்கள். கொரியாவில் இத்தனை காலம் குப்பை கொட்டியவருக்கு அது காதில் விழவில்லை. ஆனாலும் சமாளித்துவிட்டார். "கம்பெனி ஒண்ணு, ஈஸ்ட் ஒண்ணு, செய்முறை ஒண்ணு. எங்க காய்ச்சினா என்ன? நம்ம ஹூண்டாய் ஸ்ரீபெரும்புதூர்ல வரலையா?"

அந்த நேரம் பார்த்துக் கீழ்வீட்டுத் தாத்தா, படிக்கட்டில் சைக்கிள் நிறுத்தியதற்குச் சண்டை போட மேலே வந்தார். டின்னைப் பார்த்ததும் சைக்கிள் மறந்துபோயிற்று. தாத்தா தீனன் பக்கத்துக்காரர், ஹூகார்டனுக்கு அடுத்த ஊர். "எங்கே காய்ச்சினால் என்ன" என்ற கேள்வியை அவரிடம் கேட்டிருக்கக் கூடாது. கேட்டாயிற்று, பிறகு உட்காரத்தான் வேண்டும்.

கம்பெனி தன் பழமைக்கு 1445 என்று கணக்குச் சொல்லும். நிஜத்தில் அந்த ஊரின் கடைசி வெள்ளை பீர் (கோதுமை பீர்) ஆலையான டோம்சின், 1950-களில் கதவைச் சாத்திவிட்டது. அதன் பக்கத்து வீட்டுப் பையன் பியேர் செலிஸ், பால்காரர். சின்ன வயதில் ஆலைக்குள் எடுபிடி வேலை பார்த்த ஞாபகத்தை வைத்து, 1966-ல் பழைய அண்டாக்களை வாங்கிப்போட்டு மறுபடி காய்ச்ச ஆரம்பித்தார். ஓஹோவென்று ஓடியது. 1985-ல் ஆலை தீப்பிடித்தது. இன்ஷூரன்ஸ் போதவில்லை. இன்றைய ஏபி இன்பெவின் முன்னோடியான ஸ்டெல்லா ஆர்ட்வா கம்பெனி கை கொடுத்தது, கொஞ்ச காலத்தில் கை கொடுத்தவர்களிடமே ஆலை போய்ச் சேர்ந்தது. மனுஷன் விடவில்லை. டெக்சாஸில் ஆஸ்டின் வரை போய் 1992-ல் அதே பீரைத் தன் பெயரிலேயே காய்ச்சினார். அங்கே மில்லர் கம்பெனி பங்கு வாங்கியது, கடைசியில் அதுவும் மூடப்பட்டது. 2011-ல் காலமானார்.

தாத்தாவின் தீராத காயம் 2005. ஹூகார்டன் ஆலையை மூடிவிட்டு ஜூபில் ஆலைக்குக் கொண்டுபோகிறோம் என்று அந்த வருஷம் கம்பெனி அறிவித்தது. ஜூபில் லியேஜ் பக்கம், அதாவது பிரெஞ்சு பேசும் வலோனியா. டச்சு பேசும் ஃபிளெமிஷ்காரரான தாத்தாவுக்கு இது குவாங்ஜுவை விட நூறு மடங்கு தூரம். ஊரே தெருவில் இறங்கியது. கொண்டுபோய்க் காய்ச்சியும் பார்த்தார்கள். 2007-ல், ஹூகார்டன் ஆலையே இருக்கட்டும் என்று திருப்பி முடிவெடுத்தார்கள். "அதே கம்பெனி, அதே செய்முறை, அதே நாடு. அப்படியும் சரியா வரலை" என்று தாத்தா அத்தானின் முழங்காலில் தட்டித் தட்டிச் சொன்னார். அத்தானுக்கு டச்சு தெரியாது. தட்டியது புரிந்தது.

அக்கா அதற்குள் போனில் வேறொன்றைக் கண்டுபிடித்துவிட்டாள். அமெரிக்காவில் விற்ற பெக்ஸ், பெயரளவில் ஜெர்மன் பீர், 2012-லிருந்து செயின்ட் லூயிஸில் காய்ச்சியது. வழக்குப் போட்டு, 2015-ல் சமரசம் ஆகி, ரசீது வைத்திருந்தால் குடும்பத்துக்கு 50 டாலர் வரை, ரசீது இல்லாவிட்டால் 12 டாலர் வரை கொடுத்தார்கள். "ரசீது எங்கே?" என்று அத்தானைப் பார்த்தாள். இந்த வீட்டில் அந்தக் கேள்விக்கு என்றைக்குப் பதில் வந்தது?

சரி, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடுவோம் என்று முடிவாயிற்று. கடையிலிருந்து ஒரு கிரேட் பெல்ஜிய ஹூகார்டன், 24 பாட்டில். அத்தான் டின்களைத் தூக்கி ஃப்ரீஸரில் போட்டார். தாத்தா பதறி எடுத்தார். உறைந்தால் டின் வெடிக்கும் என்பது ஒரு பக்கம். மூன்று டிகிரிக்குக் கீழே போனால் மல்லியும் ஆரஞ்சுத் தோலும் மூக்குக்கு ஏறவே ஏறாது, வெறும் புளித்த சோடாதான் மிஞ்சும். ஐந்து, ஆறு டிகிரி போதும், ஃபிரிட்ஜின் சாதாரணத் தட்டு.

அடுத்த பிரச்சினை நுரை. ஊற்றிய மாத்திரத்தில் உச்சென்று அடங்கிவிட்டது, கொரியாவும் சரி, பெல்ஜியமும் சரி. அத்தான் ஆலையைக் குற்றம் சொல்ல, தாத்தா தம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். தோசைக்கல் தேய்த்த அதே ஸ்பாஞ்சில் கழுவியிருக்கிறார்கள். துளி நல்லெண்ணெய் போதும், நுரையின் சவ்வு கிழிந்துவிடும். சோதிப்பது சுலபம்: கழுவிய தம்ளரைத் தண்ணீரில் முக்கிக் கவிழ்த்தால் தண்ணீர் ஒரே படலமாக வழிய வேண்டும், முத்து முத்தாக நின்றால் எண்ணெய் இருக்கிறது. புது ஸ்பாஞ்ச், வாசனையில்லாத சோப்பு, நிறையத் தண்ணீர், பிறகு துணியால் துடைக்காமல் கவிழ்த்து வைப்பது. ஊற்றும்போது தம்ளரைச் சாய்த்து மூன்றில் இரண்டு பங்கு, பிறகு பாட்டிலை ஒரு சுழற்றுச் சுழற்றி அடியில் தங்கிய ஈஸ்டையும் சேர்த்து மீதி. அதை விட்டுவிட்டுத் தெளிவாக ஊற்றிக் குடிப்பது, பெரியம்மா சொன்ன மாதிரி, மண்டியை விட்டுவிட்டு ரசம் ஊற்றுவதுதான்.

பெரியப்பா தொடமாட்டார் என்பது தெரிந்ததே. ஆனால் மோந்து பார்ப்பதில் பாவமில்லையாம். முதல் தம்ளரை மூக்கருகே கொண்டுபோனவர், "மல்லி போட்டிருக்கானே!" என்றார். மார்க்கெட்டில் மளிகைக்கடை வைத்திருந்த மூக்கு! அவ்வளவுதான், தாத்தாவுக்கு உயிர் வந்துவிட்டது. காராஜில் வீட்டுக்காகக் காய்ச்சுகிறவர் அல்லவா. இருவருக்கும் நடுவில் மொழிபெயர்க்க ஆள் வைத்து, 20 லிட்டர் கணக்கு முழுவதும் ஒப்பித்தார்.

பில்ஸ்னர் மால்ட், அதாவது முளைகட்டிக் காயவைத்த பார்லி, 2.2 கிலோ, முளைகட்டாத கோதுமை அவல் 2 கிலோ, ஓட்ஸ் கால் கிலோ. 65 டிகிரியில் ஒரு மணி நேரம் ஊற வேண்டும். கோதுமைக்கு உமி கிடையாது, மாவெல்லாம் பசையாகி வடிகட்டியை அடைத்துக்கொள்ளும், அதனால் 200 கிராம் நெல் உமி கலக்க வேண்டும். பெரியப்பா இங்கே நிறுத்தினார். "உமியா? காசு கொடுத்தா வாங்குதாரு?" காசு கொடுத்துத்தான், பாக்கெட்டில். செங்கல் சூளைக்கு லாரி லாரியாக உமி போகிற ஊரிலிருந்து வந்தவர் அதற்கப்புறம் ரொம்ப நேரம் பேசவில்லை.

கசப்புக்குப் போடும் ஹாப்ஸ் பூ கொஞ்சம்தான், கசப்பு தெரியக்கூடாது. கொதி இறக்க ஐந்து நிமிஷம் முன்னால் மல்லி 20 கிராம், காய்ந்த கசப்பு ஆரஞ்சுத் தோல் 20 கிராம். மல்லியை ஒன்றிரண்டாக நசுக்கினால் போதும். பொடித்துப்போட்டு நெடுநேரம் கொதிக்கவிட்டால் காரல் வரும். இன்னொன்று, மல்லியிலேயே வித்தியாசம் உண்டு. மொராக்கோ மல்லி உருண்டை, பழுப்பு. பீரில் செலரிக் கீரை நாற்றம் அடிக்கும். தாத்தா பிரஸ்ஸல்ஸில் இந்தியக் கடையில் வாங்குவது நீள்வாக்கில், வெளிறிய பச்சையில் இருக்கும் நம் மல்லி. அதில்தான் எலுமிச்சை வாசம். இதை மொழிபெயர்த்ததும் பெரியப்பா எழுந்து போய் தாத்தாவுக்குக் கை கொடுத்தார்.

அப்புறம் தீர்ப்பு. கண்ணைக் கட்டி, தம்ளரை மாற்றி மாற்றி நீட்டினோம். பெரியப்பா ஒரு தடவைகூடத் தவறவில்லை. "இது இந்த வருசத்து மல்லி. இது போன வருசம். சாக்கு மாத்தி வெயில்ல கெடந்தது." டின் அடியில் தேதியைப் பார்த்தால், போன கோடைக்கு முன்னால் அடைத்தது. அத்தான் வீட்டு பால்கனியில் கொரியாவின் ஆகஸ்ட் முழுவதையும் பார்த்திருக்கிறது. கோதுமை பீரில் மல்லியும் ஆரஞ்சும்தான் முதலில் போகும், பிறகு நனைந்த அட்டைப்பெட்டி வாசம் வரும், அந்தச் சூட்டில் எந்த ஆலையின் பீரும் தப்பாது. ஆக, குவாங்ஜுவா ஹூகார்டனா என்ற வழக்கு விசாரணைக்கே வரவில்லை. தாத்தா மட்டும் ஜெயித்த முகத்தோடு கீழே போனார். போகும்போது திறக்காத டின் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டார், சங்கத்தில் காட்டிச் சிரிக்கவாம்.

இது கிராஃப்ட், அதாவது சின்ன ஆலைச் சரக்கா என்ற கேள்வி பாக்கி. அமெரிக்க புரூவர்ஸ் அசோசியேஷன் கணக்கில் வருஷத்துக்கு 60 லட்சம் பீப்பாய்க்குள் காய்ச்சணும், பெரிய சாராயக் கம்பெனிகள் 25 சதவீதம் பங்கு வைத்திருக்கக் கூடாது. பால்காரர் காலத்து ஹூகார்டன் தேறும், இப்போதையது தேறாது. அத்தானிடம் சொல்லவில்லை, வேட்டி வேறு நசுங்கியிருந்தது.

இதெல்லாம் போகட்டும். விருந்தாளிகள் நேற்று ஊருக்குக் கிளம்பினார்கள். கிளம்பும் முன் அத்தான் பொறுப்பாக வீட்டைச் சுத்தம் செய்து, 24 காலி பாட்டிலையும் கழுவி, தெருமுனைக் கண்ணாடித் தொட்டியில் ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டு வந்திருக்கிறார். எல்லாம் திருப்பிக் கொடுக்கிற பாட்டில். பாட்டிலுக்கும் டெபாசிட், கிரேட்டுக்கும் டெபாசிட். இப்போது வெறும் கிரேட்டைத் தூக்கிக்கொண்டு போனால் கிரேட்டுக்கான காசு மட்டும் வரும், கூடவே கல்லாப் பெண்ணின் பார்வையும். போனில் சொன்னால், "எங்க ஊர்ல இப்படித்தானே மாப்ளே போடுவோம்" என்கிறார். பின்னாலிருந்து அக்கா குரல்: "என்னது? நம்ம பீர் பாட்டிலுக்கு 130 வான் திருப்பித் தருவாங்களே. அதையெல்லாம் இத்தனை நாள் எங்க போட்டீங்க?"