“பாதத்தை உள்பக்கம் திருப்பச் சொன்னியா?”

எம்.டி. பொது மருத்துவம் முடித்து, நரம்பியல் டி.எம். படிப்பில் சேர்ந்த முதல் மாதம் அது. வாரத்தில் ஒருநாள் காலை 8 மணிக்கு கேஸ் பிரசென்டேஷன். வார்டில் இருக்கும் நோயாளி ஒருவரை, அவர் சம்மதித்தால், வகுப்புக்கே அழைத்து வருவோம். எங்கள் பேராசிரியர் மேடத்தின் விதி ஒன்றுதான்: கோளாறு எந்த இடத்தில் என்று சொல்லாமல் ஸ்கேன் உறையைத் தொடக் கூடாது. நோயின் பெயரெல்லாம் அதற்குப் பிறகு.

என் முதல் கேஸ், பூக்கட்டி விற்கும் ஒரு அம்மா. இரண்டு வாரமாக வலது பாதம் தொங்கிப் போயிருந்தது. விரல் தரையில் இடறாமலிருக்க முழங்காலை உயரத் தூக்கி நடந்தார். விதியை மீறி முந்தின இரவே எம்.ஆர்.ஐ.யைப் பார்த்துவிட்டேன். இடுப்பில் டிஸ்க் ஒன்று சற்றுப் பிதுங்கியிருந்தது. அந்தத் தைரியத்தில், “எல் 5 நரம்பு வேர், மேடம்” என்றேன். இடுப்புப் பகுதி முதுகுத்தண்டிலிருந்து ஐந்தாவது நரம்பு கிளம்பும் இடம் அது.

“பாதத்தை உள்பக்கம் திருப்பச் சொன்னியாப்பா?”

சொல்லவில்லை. பெருவிரலைத் தூக்கச் சொன்னேன், கணுக்கால் ரெஃப்ளெக்ஸ் தட்டினேன். இதை விட்டுவிட்டேன்.

மேடம் பலகையில் கோடு போட்டார். பாதத்தை மேலே தூக்கும் தசைக்குப் பெரோனியல் நரம்பு. உள்பக்கம் திருப்பும் தசைக்கு டிபியல் நரம்பு. இரண்டு தசைக்கும் எல் 5 வேரிலிருந்துதான் இழைகள் போகின்றன. கோளாறு வேரில் என்றால் இரண்டு அசைவும் தளரும்; பெரோனியலில் மட்டும் என்றால் உள்பக்கத் திருப்பம் தப்பிக்கும். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. தொங்கும் பாதத்தில் அந்தத் திருப்பமும் பலவீனம்போலவே தெரியும். கணுக்காலை நம் கையால் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு சோதிக்க வேண்டும். பிடித்துப் பார்த்தேன். முழு பலம். இடுப்பிலிருந்து காலை வெளிப்பக்கம் விரிக்கும் தசைக்கும் எல் 5 போகிறது, அதிலும் குறையில்லை.

“எப்படிம்மா உக்காந்து பூக்கட்டுவீங்க?” என்று மேடம் கேட்டார்.

“சம்மணம் போட்டுத்தாம்மா. திருவிழா நேரத்துல பொழுதுக்கும் அப்படியேதான்.”

முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்கம், பெரோனியல் நரம்பு எலும்பைச் சுற்றித் தோலுக்கு மிக அருகில் ஓடுகிறது. மணிக்கணக்கில் அங்கே அழுந்தியிருக்கிறது. நரம்பில் மின்சமிக்ஞை எப்படிப் போகிறது என்று பார்க்கும் நரம்புக் கடத்தல் சோதனையிலும் அதே இடத்தில்தான் தடை தெரிந்தது. எந்த வலியும் இல்லாதவர்களுக்குக்கூட டிஸ்க் பிதுங்கியிருப்பது சகஜம். இவருக்கும் அது சும்மா இருந்ததுதான். நானோ அதை நம்பி, முதுகு அறுவைக்கு ஆலோசனை கேட்டுக் குறிப்பு எழுதி வைத்திருந்தேன். இதை நினைத்தால் இன்றும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

அன்று இரவு குறிப்பைக் கிழித்துப் போட்டுவிட்டு, இடுப்பிலிருந்து கால் விரல்வரை நரம்புப் பாதையைப் பார்க்காமல் வரைந்து பார்த்தேன். மூன்று இடங்களில் தப்பு. தப்பில்லாமல் வர ஒன்பது நாள் ஆனது. வகுப்பில் யார் கேஸ் சொன்னாலும், ஸ்கேன் திறக்கும் முன் என் நோட்டில் இடத்தை எழுதி அடிக்கோடு போட்டுவிடுவேன்.

பத்தாவது வாரம் அந்த அம்மா ஓ.பி.க்கு வந்து, நான் கேட்கும் முன்பே பாதத்தைத் தூக்கிக் காட்டினார். இப்போது முக்காலி போட்டு உட்கார்ந்துதான் கட்டுகிறாராம்.