நெஞ்செரிவும் ஒரு பொய்யும்

முதல் தடவை வந்தபோது மாரடைப்பு என்றே நினைத்தேன். இரவு ஒரு மணி; நெஞ்சு நடுவில் தணல், தொண்டையில் புளித்த தண்ணீர். ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்த வைத்தியர் இதயத்தில் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு, "இரவில் எத்தனை மணிக்குச் சாப்பிடுவீர்கள்?" என்று கேட்டார். "எட்டு மணிக்கு, டொக்டர்" என்றேன். பொய். புறக்கோட்டையில் கடையைப் பூட்டிவிட்டு, 101ஆம் இலக்க பஸ்ஸில் வந்து வெள்ளவத்தையில் இறங்கும்போதே ஒன்பதரை ஆகிவிடும். பிறகு கறிக்குழம்பு ஊற்றிய கொத்து ரொட்டி. பத்தரைக்குப் படுக்கை.

வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோல் குளிசை தந்தார்: காலைச் சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன்னர், எட்டு வாரம். எரிவு பாதியாகக் குறைந்தது. ஆனால் வயிறு ஊதுவதும், வாடிக்கையாளர் முன்னால் ஏவறை விடுவதும் நிற்கவில்லை. அண்ணன் 'நல்ல பக்டீரியா' காப்சூலைப் பற்றிச் சொன்னது அப்போதுதான். வைத்தியரிடம் கேட்டேன். "எடுத்துப் பாருங்கள். ஆனால் இது அமிலத்தைக் குறைக்காது. வாயு குறைந்தால், அமிலம் மேலே ஏறாமல் தடுக்க உணவுக்குழாயின் அடியில் இருக்கும் வால்வின் மேல் அழுத்தம் குறையும், அவ்வளவுதான். இதைப் பற்றி நடந்த ஆய்வுகளும் சிறியவை" என்றார்.

பெட்டியில் லக்டோபசிலஸ், பிஃபிடோபக்டீரியம் என்று பெயர்கள்; ஒரு காப்சூலில் 1,000 கோடி உயிர்கள். 25 பாகைக்குக் கீழே வைக்கச் சொல்லியிருந்தது. கொழும்பில் அது பிரிட்ஜுக்குள் மட்டுமே நடக்கும். நானோ முதல் பெட்டியைக் கைப்பையில் போட்டு ஒரு வாரம் பஸ்ஸில் கொண்டு திரிந்தேன். அந்தக் கோடிகளில் எத்தனை பிழைத்திருக்கும் என்று எண்ணிப் பார்க்க மனம் வரவில்லை.

இரண்டாவது பெட்டி ஒழுங்காகப் பிரிட்ஜில் இருந்தது. முதல் ஐந்தாறு நாள் வாயு கூடியது. நிறுத்திவிடலாமா என்றுகூட யோசித்தேன். மூன்றாம் வாரம் ஏவறை அடங்கியது, காற்சட்டையின் இடுப்பு இறுக்கவில்லை. இரவு எரிவு மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

"காசைக் கொட்டிக் காப்சூல் ஏன் தம்பி? தயிரிலும் அதே கிருமிதானே" என்று மாமி ஒரு சட்டி எருமைத் தயிர் கொண்டுவந்தார். அதே கிருமி அல்ல. பாலை உறைய வைக்கும் பக்டீரியா எல்லாம் குடலில் வேலை செய்யும் என்றில்லை. ஆனால் மண்சட்டியில் கத்தியால் வெட்டுவதுபோல் உறைந்திருக்கும் தயிரின் மேல் கித்துள் பாணி வழியும்போது யார் வாதாடுவார்கள்? இரவு பத்து மணிக்கு அரைச் சட்டி உள்ளே போனது. எருமைப் பாலில் பசும்பாலைவிட ஏறக்குறைய இரு மடங்கு கொழுப்பு. கொழுப்பு வயிற்றில் சுணங்கிக் கிடக்கும். ஒரு மணிக்கு எழும்பி உட்கார்ந்தேன்.

அடுத்த முறை வைத்தியரிடம் உண்மையைச் சொன்னேன். "இதைத்தானே அன்றைக்கே கேட்டேன்!" என்றார்.

இப்போது ஏழு மணிக்குக் கடைக்குள்ளேயே, வெங்காய மூட்டைகளுக்கு நடுவில், இடியப்பமும் சொதியும். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கற்கள், 15 சென்றிமீற்றர் உயரம். படுப்பது இடப்பக்கமாக. இரண்டு வாரத்தில் இரவு எரிவு நின்றது. காப்சூலை இரண்டு மாதத்தோடு விட்டேன். ஏவறை கொஞ்சம் திரும்பி வந்திருக்கிறது, எரிவு வரவில்லை. வாயு தொல்லை மிஞ்சினால் இன்னொரு பெட்டி வாங்குவேன். எரிவுக்காக வாங்க மாட்டேன்.

சட்டித் தயிரை மதியத்துக்கு மாற்றிவிட்டேன். செங்கல்லில் காலை இடித்துக்கொண்ட மனைவிதான் இன்னும் சமாதானமாகவில்லை.