காசிமேட்டுப் பட்டறையில் ஒரு கோல்ஃப் மட்டை

மூர் மார்க்கெட் பக்கம் நடைபாதையில் கடை விரித்திருந்தவர் அதை "சின்னப் பசங்க ஹாக்கி மட்டை" என்றுதான் என்னிடம் விற்றார். நானும் மறுத்துப் பேசவில்லை. பேசினால் விலை ஏறிவிடும். மேனேஜர் பின்னாலேயே நந்தனம் மைதானத்துக்குப் போய்வந்த புண்ணியத்தில் எனக்கு அது என்னவென்று தெரிந்துவிட்டது. கோல்ஃபில் குழிக்குப் பக்கத்தில் வந்த பந்தை மெல்லத் தட்டி உள்ளே தள்ளுகிற பட்டர். அதிலும் பிங் கம்பெனியின் அன்சர்! கார்ஸ்டன் சோல்ஹைம் என்கிற எஞ்சினியர் 1966-ல் கொண்டுவந்த டிசைன். அடியில் ஃபீனிக்ஸ் என்ற ஊரும் 85029 என்ற பின்கோடும் பொறித்திருந்தது. ஸ்காட்ஸ்டேல் என்று இருந்தால் இன்னும் பழசு, சேகரிக்கிறவர்கள் கொத்திக்கொண்டு போவார்கள். நமக்கு அந்த யோகம் ஏது.

யாரோ தண்டை அறுத்து 31 அங்குலமாக்கியிருந்தார்கள். எனக்கு வேண்டியது 35. கைப்பிடி இருக்கவேண்டிய இடத்தில் மொபெட் ஹேண்டில்பார் கிரிப். எங்கேயோ மோதி, பந்தில் படுகிற முகம் ஒரு பக்கம் தொங்கிப்போயிருந்தது. கம்பெனியிலிருந்து வந்த மாதிரியே திரும்ப ஆக்கிவிடுவது என்று முடிவெடுத்து, விசைப்படகு புரொப்பெல்லர் நிமிர்த்துகிற லேத் பட்டறைக்கு எடுத்துப்போனேன்.

பட்டறை அண்ணன் மட்டையின் தலையை உரசிப் பார்த்தார். "வெண்கலம். நம்ப போட்டு புரொப்பெல்லர் ஐட்டம்" என்றார். ஆள் கில்லாடி. அது மாங்கனீஸ் வெண்கலம்தான், புரொப்பெல்லர் வார்ப்பதும் அதே உலோகத்தில்தான். நிம்மதியாக எதிர்க்கடையில் டீ சொன்னேன்.

திரும்பி வந்தால், தலையை வைஸில் இறுக்கிவிட்டு, தண்டும் தலையும் சேருகிற கழுத்தில் குழாயை மாட்டி நிற்கிறார்.

"அண்ணா! இன்னா பண்றீங்க?"

"கய்த்து கோணிகினு கீது தம்பி. நிமித்திடறேன்."

அன்சர் பேர் வாங்கினதே அந்தக் கோணல் கழுத்தால்தான். பைப் எல்போ மாதிரி மடங்கி, தண்டை முகத்துக்கு ஒரு துளி முன்னால் கொண்டுபோய் வைக்கும். "அது கம்பெனியே குடுத்த கோணல்ணா" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் கம்பெனிமேலும் மரியாதை இல்லை, என்மேலும் இல்லை.

அடுத்தது முகம். பட்டருக்கு 3, 4 டிகிரி மல்லாந்த சாய்வு வேண்டும். பந்து தன் கனத்தில் புல்லுக்குள் லேசாக அமுங்கியிருக்கும், அதைக் கிளப்பிவிட்டு உருட்டத்தான் அந்தச் சாய்வு. பக்கத்து வீட்டுப் பையனின் ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து பாகைமானி வந்தது. கேரம் போர்டை விட்டுவிட்டு நாலு பேர் வந்து சூழ்ந்துகொண்டார்கள். கேரம் உலகக்கோப்பையில் மூன்று தங்கம் வாங்கின காசிமா எங்கள் பக்கத்துப் பொண்ணு. இங்கே கோணம் பற்றி ஆளாளுக்குத் தீர்ப்பு சொல்லாமல் எப்படி இருப்பார்கள்? "இன்னும் ஒரு நூலு", "போதும்பா, ஓவரா பூடும்" என்று ஆளுக்கொன்று சொல்ல, நிஜமாகவே 4 டிகிரியில் வந்து நின்றது. இதற்குப் பெரிய கடைகளில் தனி மிஷினே வைத்திருக்கிறார்கள்.

கருவாட்டுக் கூடையை இறக்கிவைத்துவிட்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த ஆயா ஒன்றுதான் கேட்டது. "குயி பக்கத்துல வந்துட்ச்சில்ல, கையால எட்த்துப் போட்டா ஆவாதா?"

தண்டை நீட்ட அலுமினியத்தில் ஒரு முளை கடைந்து, அரால்டைட் தடவி, மேல் முனையில் சொருகினார். இரும்பில் போட்டிருந்தால் மேல்பக்கம் கனத்துப்போய், அடிக்கும்போது கீழே தலை இருப்பதே கைக்குத் தெரியாது. புது கிரிப்பை வீட்டில் நானே மாட்டினேன். டபுள் சைடு டேப் சுற்றி, அதன்மேல் பெட்ரோல் ஊற்றினால் வழுக்கிக்கொண்டு ஏறும், காய்ந்தால் பிடித்துக்கொள்ளும். பெட்ரோல் நாற்றத்துக்கு அம்மா போட்ட சத்தம் தெருமுனை வரை கேட்டிருக்கும்.

கருத்திருந்த தலையை அப்படியே விடத்தான் நினைத்தேன். பழசின் கருமைக்கு ஒரு கௌரவம் உண்டு. வெள்ளிக்கிழமை ஆபீஸ் விட்டு வந்து பார்க்கிறேன், குத்துவிளக்குக்குப் பக்கத்தில் பட்டர் தகதகவென்று நிற்கிறது. புளி, சாம்பல், தேங்காய் நார். கத்த வாயெடுத்தவன் அடங்கிப்போனேன். புதுசில் இந்த வெண்கலம் மின்னத்தானே செய்திருக்கும்? ஒரிஜினல் ஒரிஜினல் என்று குதித்தது நான்தானே.

முகத்தில் குங்குமப் பொட்டு வேறு. ஒற்றை ரூபாய்க் காசால் முகம் முழுக்கத் தட்டிப் பார்த்தேன். தலை திரும்பாமல் 'டிங்' என்று சுத்தமாக ஒலிக்கிற இடத்தில்தான் பந்து படவேண்டும். பொட்டு அங்கிருந்து அரை விரல்கடை தள்ளியிருந்தது.

"கொஞ்சம் இந்தப் பக்கம் வெச்சிருக்கக் கூடாதாம்மா?"

"எது உசந்த பக்கமோ அங்க வெச்சேன். வேணும்னா நீ வேற எடத்துல ஒண்ணு வெச்சுக்க. இத மட்டும் அழிக்காத."