ஒரு மாரத்தான், இரண்டு பதிவுக் கட்டணங்கள்

2025 ஏப்ரல் 27ஆம் திகதி லண்டன் மாரத்தானை 5 மணி 24 நிமிடங்களில் முடித்தேன். அன்று முடித்த 56,640 பேரில் நானும் ஒருவன் என்பதால் ஓடியதைப் பற்றிச் சொல்ல என்னிடம் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் அந்தத் தொடக்கக் கோட்டுக்குப் போய்ச் சேர எனக்கு ஒன்றரை வருடமும், இரண்டு பதிவுக் கட்டணங்களும், ஒரு எலும்பு வெடிப்பும் தேவைப்பட்டன. தொண்டு நிறுவனத்தின் இடத்தில் ஓட நினைப்பவர்களுக்கு, குறிப்பாக ஊர்ச் சனத்திடம் பணம் சேர்த்து ஓட நினைப்பவர்களுக்கு, அதில் எங்கெங்கே இடறினேன் என்பதைச் சொல்வது பயன்படலாம்.

பொதுக் குலுக்கலில் இடம் கிடைப்பது அரிது. 2025ஆம் ஆண்டு ஓட்டத்துக்கு 840,000க்கும் மேற்பட்டவர்கள் விண்ணப்பித்திருந்தார்கள். குலுக்கலில் விழாத பெரும்பாலானோருக்கு எஞ்சும் வழி, தொண்டு நிறுவனங்கள் தம்மிடமுள்ள இடங்களில் ஒன்றைத் தருவதும் அதற்கு ஈடாக நாம் ஏறத்தாழ 2,000 பவுண் சேர்த்துக் கொடுப்பதும்தான். என் தகப்பனார் கடைசி ஆறு வருடங்கள், கிழமைக்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணித்தியாலம் டயாலிசிஸ் கதிரையில் இருந்தவர். ஆகவே சிறுநீரக நோயாளருக்கு உதவும் ஒரு நிறுவனத்துக்கு விண்ணப்பித்தேன். 2024 ஓட்டத்துக்கு இடம் தந்தார்கள். இதுவரை எல்லாம் சுலபம்.

பதினாறு கிழமைப் பயிற்சி அட்டவணையைப் புத்தாண்டன்று தொடங்கினேன். ஜனவரி நடுவில் காய்ச்சல் வந்து இரண்டு கிழமை ஓடவில்லை. விட்ட இடத்திலிருந்து தொடராமல், அட்டவணையில் நான் அந்தக் கிழமை எங்கே இருந்திருக்க வேண்டுமோ அங்கே தாவினேன். எட்டு மைலுக்கு மேல் ஓடியிராதவன் ஒரே ஞாயிற்றுக்கிழமை பதின்மூன்று மைல் ஓடினேன். அட்டவணை என்னை நம்பி எழுதப்பட்டது, நான் அதை நம்பி ஓடினேன், இடையில் காலைக் கேட்க இருவருக்கும் தோன்றவில்லை. அடுத்த கிழமை இடது கீழ்க்காலின் உட்புறத்தில், பெருவிரலால் அமர்த்திக் காட்டக்கூடிய ஓர் இடத்தில், ஒரு பென்ஸ் நாணய அளவில் நோத் தொடங்கியது. தசைப்பிடிப்பு பரவலாக நோகும், ஓட ஓட இளகும். இது ஒரே புள்ளியில் நொந்தது, ஓட ஓடக் கூடியது, இரவில் படி ஏறும்போதும் சுட்டது. இந்த வேறுபாட்டை யாராவது எனக்கு அன்று சொல்லியிருந்தால் நல்லது.

அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தாததற்குக் காரணம், என் நன்கொடைப் பக்கத்தில் அதற்குள் 63 பேர் 1,460 பவுண் போட்டிருந்தார்கள். கோயிலில் காணும் ஒவ்வொருவரும் "எப்பிடித் தம்பி, ஓட்டம் போகுதோ?" என்று கேட்டார்கள். அவர்களுக்கு "போகுது" என்று சொல்வதற்காக ஒவ்வொரு நீண்ட ஓட்டத்துக்கு முன்னும் ஐபுப்ரோஃபன் என்ற நோ மாத்திரை இரண்டு, பின்னும் இரண்டு மாத்திரை போட்டேன்.

அந்த நிறுவனம் தன் ஓட்டக்காரர்களுக்காக மாதம் ஒருமுறை இணையவழிக் கூட்டம் வைக்கும். பெப்ரவரிக் கூட்டத்தில் சிறுநீரகப் பிரிவுத் தாதி ஒருவர் பேசினார். நீண்ட ஓட்டத்தில் உடல் நீர் இழக்கும்போது சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தம் குறைகிறது, ஐபுப்ரோஃபன் வகை மாத்திரைகள் அதை மேலும் குறைக்கின்றன, ஆகவே ஓட்டத்துக்கு முன்னரும் ஓடும்போதும் அவற்றைத் தொடவே வேண்டாம் என்று மிகப் பொறுமையாக விளக்கினார். என் மடிக்கணினிக்குப் பக்கத்தில் பதினாறு மாத்திரைப் பெட்டி ஒன்று, நான்கு குழி வெறுமையாக, திறந்து கிடந்தது. நான் சத்தமில்லாமல் கமராவை நிறுத்தினேன். சிறுநீரகத்துக்காகப் பணம் சேர்த்துக்கொண்டு, அந்தச் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியதை விழுங்கிக்கொண்டிருந்திருக்கிறேன். அதுவும் அப்பாவைப் பார்த்த பிறகு.

மாத்திரையை நிறுத்தியதும் நோவின் உண்மையான அளவு தெரிந்தது. பிறகு ஜி.பி. எனும் குடும்ப வைத்தியரிடம் போகும் படலம். காலை எட்டு மணிக்குத் தொலைபேசி எடுத்தால் வரிசையில் பதினேழாவது ஆள். என் முறை வந்தபோது வரவேற்பாளர், ஓடி வந்த நோவுக்கு மருந்தாளரைப் பார்க்கலாமே என்றார். மூன்றாம் நாள் மூன்றாம் முயற்சியில் எக்ஸ்ரே எடுக்க எழுதித் தந்தார்கள். படத்தில் ஒன்றும் இல்லை என்ற குறுஞ்செய்தி வந்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சிதான் இந்தக் கதையின் மிக முட்டாள்தனமான கட்டம். எலும்பில் விழும் இத்தகைய மயிரிழை வெடிப்பு ஆரம்பக் கிழமைகளில் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவது வழமை, அதைக் காட்டக்கூடியது எம்.ஆர்.ஐ. என்று அந்தக் குறுஞ்செய்தி சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்தச் சனிக்கிழமையே கால்வாய்க் கரையால் பதினாறு மைலுக்குப் புறப்பட்டேன். பதினோராம் மைலில் இடது காலை ஊன்ற முடியாமல் கால்வாய் நீரை மறிக்கும் ஒரு பூட்டுக் கதவின் மரத்தில் பிடித்துக்கொண்டு நின்றேன். மச்சான் கார் கொண்டு வரும்வரை முக்கால் மணித்தியாலம் தாராக்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன.

கைக்காசு 345 பவுண் கொடுத்து எடுத்த எம்.ஆர்.ஐ.யில் மயிரிழை வெடிப்பு தெளிவாகத் தெரிந்தது. ஆறு கிழமை, காலை அசையவிடாத அந்தப் பெரிய கறுப்புச் சப்பாத்து. ஓட்டத்துக்கு அப்போது ஐந்து கிழமை இருந்தது.

நிறுவனத்துக்கு மின்னஞ்சல் எழுதினேன். வந்த பதில், "உங்கள் பெருநாள் நெருங்குகிறது, உற்சாகமாக இருங்கள்!" என்று தொடங்கியது. மூன்று மின்னஞ்சல்களுக்குப் பிறகே ஒரு மனிதர் வாசித்தார், வாசித்தவர் சொன்னது மூன்று விடயங்கள். இந்த வருட இடம் தானாக அடுத்த வருடத்துக்கு மாறாது, மீண்டும் விண்ணப்பிக்க வேண்டும். நான் கட்டிய 100 பவுண் பதிவுக் கட்டணம் திரும்பாது. சேர்த்த பணம் ஏற்கெனவே நிறுவனத்துக்குப் போய்விட்டதால் அடுத்த வருட இலக்கில் அது கணக்கிடப்படாது. முதல் இரண்டும் விண்ணப்பப் படிவத்தின் விதிகளில் இருந்தவைதாம், நான் வாசிக்காமல் குறி போட்டிருந்தேன். மூன்றாவதுக்காக வாதாடினேன். இறுதியில் ஒரு பெண் அலுவலர் தன் மேலதிகாரியிடம் கேட்டு, அடுத்த வருட இலக்கை 1,200 பவுணாகக் குறைத்துத் தந்தார். அவருக்கு நான் இன்றும் நன்றியுடையவன். உங்களுக்கு அப்படி ஒருவர் வாய்ப்பார் என்று நம்பி விண்ணப்பிக்க வேண்டாம்; காயப்பட்டால் என்ன ஆகும் என்பதைப் பதிவுக் கட்டணம் கட்டுவதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

63 பேருக்கும் தனித்தனியே எழுதினேன். பெரும்பாலானோர் "காலைப் பார்த்துக்கொள்" என்றார்கள். ஒருவர் தன் 10 பவுணைத் திருப்பிக் கேட்டார். என் பையிலிருந்து கொடுத்தேன். கோயிலில் தேவாரம் பாடும் ஓர் ஐயா மட்டும், ஒவ்வொரு வெள்ளியும், "தம்பி, ஓடி முடிச்சாச்சோ?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். இல்லை ஐயா, அடுத்த வருடம் என்று பன்னிரண்டு வெள்ளிகளாவது சொல்லியிருப்பேன்.

இயன்மருத்துவரிடம் போகப் பதினொரு கிழமை காத்திருந்தேன். காத்திருந்தது வீண்போகவில்லை, ஏனென்றால் அவர்தான் விற்றமின் டி அளவைப் பார்த்தீர்களா என்று கேட்டார். பார்த்தால் தரையில் கிடந்தது. எங்கள் தோல் நிறத்துக்கு இந்த நாட்டு வெயில் போதாது, வருடம் முழுவதும் நாளொன்றுக்கு 10 மைக்ரோகிராம் எடுப்பதைப் பற்றி யோசியுங்கள் என்பது இங்கு பொதுவான சுகாதார ஆலோசனை. குறைபாடு உறுதியானவர்களுக்கு வைத்தியர் கூடிய அளவு தருவார். இருபது வருடம் இங்கு வாழ்ந்தும் நான் அதைப் பொருட்படுத்தியதில்லை. வெடிப்புக்கு அதுவே காரணம் என்று அவர் சொல்லவில்லை, துணைக்காரணமாக இருந்திருக்கலாம் என்றார்.

செப்டெம்பரில் ஒரு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்று மறுபடி தொடங்கினேன். தேநீருக்குத் தண்ணீர் கொதிக்கும்வரை குசினியில் ஒற்றைக் காலில் நின்று குதிக்காலை உயர்த்தி இறக்குவது, இரு காலுக்கும் பதினைந்து தரம். இதை ஏழு மாதம் விடவில்லை. சனிக்கிழமைகளில் பார்க்ரன் எனும் இலவச ஐந்து கிலோமீற்றர் ஓட்டம். முதல் நாள் பார்கோட் கொண்டு போகவில்லை, ஆகவே வெடிப்புக்குப் பிறகு நான் முழுதாக ஓடிய முதல் ஐந்து கிலோமீற்றருக்குப் பதிவே கிடையாது. பார்கோட் இல்லையேல் நேரம் இல்லை, அழுதாலும் இல்லை. மூன்று கிழமை கூட்டினால் நான்காம் கிழமை குறைப்பது என்ற ஒரே விதியோடு மார்ச் இறுதியில் இருபது மைல் வரை எந்தச் சிக்கலும் இன்றிப் போய்ச் சேர்ந்தேன்.

சிக்கல் இம்முறை பணத்தில் வந்தது. போன வருடம் தந்தவர்களிடமே திரும்பக் கேட்கக் கூச்சமாக இருந்ததால், மனைவியும் மச்சாளும் சேர்ந்து ஒரு கொத்துரொட்டி இரவு வைத்தார்கள். ஆளுக்கு 15 பவுண், எண்பது பேர் வந்தார்கள், செலவு போக 710 பவுண் மிஞ்சியது. நான் அதைக் கோயிலில் கையில் கிடைத்த 185 பவுணோடு சேர்த்து, என் வங்கி அட்டையால் பக்கத்தில் போட்டு, கிஃப்ட் எய்ட் பெட்டியிலும் குறி போட்டேன். வரி கட்டுபவர் தரும் ஒவ்வொரு பவுணுக்கும் அரசு 25 பென்ஸ் கூட்டிக் கொடுக்கும்போது யார்தான் விடுவார்கள்? இரண்டு கிழமை கழித்து அதே பெண் அலுவலர் அழைத்தார். கிஃப்ட் எய்ட் என்பது தருபவரின் சொந்தப் பணத்துக்கு, அவர் தன் பெயரில் அறிவித்தால் மட்டுமே. பிறர் பணத்தை என் பெயரில் அறிவிப்பது தவறு. சாப்பாட்டுக்குக் கொடுத்த காசு நன்கொடையே அல்ல, கொத்துரொட்டியின் விலை. அதற்குக் கிடையவே கிடையாது. கையில் தந்தவர்களுக்கு ஒரு படிவம் இருக்கிறது, அதில் ஒவ்வொருவரும் முழுப்பெயர், வீட்டு முகவரி, தபால் குறியீடு எழுதிக் குறி போட வேண்டும். கனடாவிலிருந்து போட்ட பெரியப்பாவுக்கு, அவர் இங்கே வரி கட்டாதவர் என்பதால், அதுவும் இல்லை. எல்லாவற்றையும் திருத்தினோம். படிவத்தோடு கோயில் வாசலில் இரண்டு வெள்ளி நின்றேன்; பணம் தந்தவர்களில் பாதிப்பேர் முகவரி எழுத மறுத்தார்கள். தேவாரம் பாடும் ஐயாவும் மறுத்தார். "காசு தாறன். விலாசம் ஏன்? அரசாங்கம் கடிதம் போடுமே."

ஓட்ட இலக்கத்தை முன்கூட்டியே எக்செல் மண்டபத்தில் நேரில் போய் வாங்க வேண்டும், புகைப்பட அடையாளம் வேண்டும், நமக்காக வேறொருவர் வாங்க முடியாது, ஓட்ட நாளன்று கொடுக்கமாட்டார்கள். இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரிந்தே வியாழக்கிழமை வேலைக்கு அரைநாள் விடுப்பு எடுத்து, ஹரோவிலிருந்து மெற்றோபொலிற்றன் பாதையில் ஃபாரிங்டன், அங்கிருந்து எலிசபெத் பாதையில் கஸ்டம் ஹவுஸ் என்று ஒன்றேகால் மணித்தியாலம் பயணித்து, மேசைக்கு முன் நின்று பணப்பையைத் திறந்தால் சாரதி அனுமதிப்பத்திரம் இல்லை. முதல்நாள் கார் காப்புறுதிக்குப் படம் எடுத்துவிட்டு ஸ்கேனரின் மூடிக்கு அடியில் விட்டிருக்கிறேன். கைப்பேசியில் படம் இருக்கிறது என்று காட்டினேன். மேசையில் இருந்த தொண்டர் மிகுந்த அனுதாபத்தோடு தலையாட்டினார். சனிக்கிழமை பிற்பகல், கடைசி மணித்தியாலங்களின் சனத்துக்குள், கடவுச்சீட்டும் அனுமதிப்பத்திரமும் இரண்டையும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மறுபடி போனேன். மாரத்தானுக்கு முதல்நாள் மூன்று மணித்தியாலம் காலில் நிற்கக்கூடாது என்று எல்லா அட்டவணையும் சொல்லும்.

இரவு வெள்ளை இடியப்பமும் சொதியும், சம்பல் இல்லாமல். நார் குறைந்த மாச்சத்துக்கு இதைவிட என்ன வேண்டும்? இதையே நான்கு நீண்ட ஓட்டங்களுக்கு முன் சாப்பிட்டுப் பார்த்திருந்தேன்.

அன்று வெயில் கடுமை. கட்டி சார்க் கப்பல்வரை சனத்தின் சத்தமே தூக்கிக்கொண்டு போனது, டவர் பாலத்தில் மனைவியும் மகளும் நின்றார்கள், நான் காணவில்லை. கனரி வோர்ஃப் கட்டடங்களுக்குள், பத்தொன்பதாம் மைலில், பழைய இடத்தில் நொந்தது. ஓரத்துக்குப் போய்க் குனிந்து பெருவிரலால் அமர்த்திப் பார்த்தேன். ஒரே புள்ளி இல்லை. கெண்டைக்கால் முழுவதும் பரவலாக நொந்தது. அந்தக் கணம் எனக்கு ஏற்பட்ட நிம்மதி, முடிவுக் கோட்டில்கூட ஏற்படவில்லை. மிச்சத்தை நடையும் ஓட்டமுமாக முடித்தேன்.

அடுத்த வெள்ளி பதக்கத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கோயிலுக்குப் போனேன். ஐயா அதை வாங்கி, கண்ணாடியைத் தூக்கிவிட்டு, இரு பக்கமும் பார்த்தார்.

"எத்தினையாவதா வந்தனீர்?"

"40,000க்குப் பிறகு ஐயா."

சிறிது நேரம் யோசித்தார். "பரவாயில்லை," என்று பதக்கத்தைத் திருப்பித் தந்துவிட்டு, "அந்தப் படிவம் கையில இருக்கோ?" என்றார். இருந்தது; ஏற்கெனவே தந்த பணத்துக்கும் நான்கு வருடம்வரை பின்னோக்கி அறிவிக்கலாம் என்பதால் நான் அதை எப்போதும் பையில் வைத்திருந்தேன். வாசல் மேசையில் வைத்து, தபால் குறியீட்டை இரண்டு தரம் சரிபார்த்து, மிக நிதானமாக எழுதிக் குறி போட்டார். இரண்டு வருடமும் அவர் கையில் தந்தது 40 பவுண். அரசாங்கம் அதற்கு 10 பவுண் கூட்டிக் கொடுத்தது. கடிதம் எதுவும் போடவில்லை.