பழுதுபார்ப்பதற்கு முன்பு அடைக்கத் தெரிய வேண்டும்

குழாய் உடைந்தாலும், மின்சாரம் திடீரென்று நின்றாலும், பழுதுபார்ப்பவர் வீட்டு வாசலுக்கு வந்து சேர நேரம் பிடிக்கும். அந்த இடைவெளியில் சேதம் சிறியதா பெரியதா என்பது அப்போது வீட்டில் இருப்பவரின் கையில்தான் இருக்கிறது. சிங்கப்பூரில் நம் அடுக்குமாடி வீடுகளில் பகல் பொழுதில் இருப்பவர்கள் பெரும்பாலும் வயதான பெற்றோர், பணிப்பெண், பள்ளி முடிந்து திரும்பிய பிள்ளைகள். ஆனால் தண்ணீரை எங்கே அடைப்பது, மெயின் சுவிட்ச் எது என்பது போன்ற விவரங்கள், பல வீடுகளில், வேலைக்குப் போயிருக்கும் ஒருவருக்கு மட்டுமே தெரிந்திருக்கின்றன. பழுதுபார்க்கக் கற்றுக்கொள்வது நல்லதுதான். அதற்கும் முன்னதாக, வீட்டிலுள்ள எல்லாருக்கும் அடைக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

தண்ணீரிலிருந்து தொடங்குகிறேன். வீவக எனப்படும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய வீடுகளில் தண்ணீர் மீட்டரும் அதையொட்டிய மெயின் வால்வும் வழக்கமாக வீட்டுக்கு வெளியே, பொது நடைபாதையோரத்தில் கதவு போட்ட ஒரு தடுப்புக்குள் இருக்கும். பக்கத்து வீடுகளின் மீட்டர்களும் அங்கேயே வரிசையாக இருக்கும் என்பதால், உங்கள் கதவு எண் எதில் எழுதியிருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பார்த்தால் மட்டும் போதாது; ஒருமுறை அடைத்துவிட்டு, சமையலறைக் குழாயைத் திறந்து, மிச்சத் தண்ணீர் வடிந்து நிற்கிறதா என்று சோதித்துப் பாருங்கள். நெம்புகோல் போன்ற கைப்பிடி உள்ள வால்வாக இருந்தால் கால் சுற்று திருப்பினால் போதும். கைப்பிடி குழாய்க்குக் குறுக்காக நின்றால் அடைபட்டிருக்கிறது என்று பொருள். வட்டமான கைப்பிடியாக இருந்தால் வலப்பக்கமாகப் பல சுற்றுகள் சுற்ற வேண்டும். பல ஆண்டுகளாகத் தொடாத வால்வு இறுகிப்போயிருக்கும். எழுபது வயதைக் கடந்த கைகளால் அதை அசைக்க முடியாது. ஆகவே சில மாதங்களுக்கு ஒருமுறை அதைத் திருப்பிவிடும் பழக்கம் நல்லது. திருப்பவே முடியாவிட்டால், உரிமம் பெற்ற குழாய்ப் பணியாளரைக் கொண்டு இப்போதே சரிசெய்துகொள்ளுங்கள்.

அடுத்து, சிங்கின் கீழும் கழிப்பறைத் தொட்டிக்கும் செல்லும் வளையும் குழாய்களைப் பாருங்கள். வெளியே எஃகுக் கம்பிப் பின்னலும் உள்ளே ரப்பரும் கொண்ட இந்தக் குழாய்கள் வெளிப்பார்வைக்குப் பளபளவென்றிருக்கும். டார்ச் அடித்து அருகில் பார்த்தால்தான் உண்மை தெரியும். பின்னலில் ஓரிரு கம்பிகள் அறுந்து நீட்டிக்கொண்டிருக்கலாம், நட்டைச் சுற்றிப் பச்சைக் களிம்போ துருவோ படிந்திருக்கலாம், ஓரிடத்தில் மட்டும் குழாய் உப்பியிருக்கலாம். இவற்றில் எது தெரிந்தாலும் மாற்றிவிடுங்கள். அது உடைந்தால் தண்ணீர் உங்கள் வீட்டோடு நிற்காது, கீழ்வீட்டுக் கூரை வரைக்கும் போகும். இணைப்பில் கசிவு இருக்கிறதா என்று சந்தேகம் வந்தால் ஒரு டிஷ்யூ தாளை நட்டைச் சுற்றிப் பிடித்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத ஈரமும் தாளில் தெரிந்துவிடும். டிசம்பர் விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்கள் மெயின் வால்வை அடைத்துவிட்டுப் போவது மிகவும் நல்லது. திரும்பி வந்ததும் குளியலறையில் சாக்கடை வாடை அடித்தால் பதறத் தேவையில்லை. தரையிலுள்ள வடிகாலுக்குள் எப்போதும் சிறிது தண்ணீர் தேங்கி நின்று வாடையையும் கரப்பான்பூச்சிகளையும் தடுக்கிறது. புழங்காத குளியலறையில் அது வற்றிப்போயிருக்கும். ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் சரியாகிவிடும்.

மின்சாரம்தான் பலரையும் அச்சுறுத்துகிறது. ஆனால் 'டிரிப்' ஆவது, அதாவது மின்பெட்டியின் சுவிட்ச் தானாக விழுந்து மின்சாரம் நிற்பது என்பது, பாதுகாப்புச் சாதனம் தன் வேலையைச் செய்ததற்கான அடையாளம். மின்பெட்டியில் 'டெஸ்ட்' என்று எழுதிய சிறு பொத்தானுடன் இருப்பது ஆர்சிசிபி (RCCB) எனும் மின்கசிவுத் துண்டிப்பான். வீடுகளில் பொருத்தப்படும் ஆர்சிசிபி, 30 மில்லியாம்பியர் அளவு மின்கசிவு ஏற்பட்டாலே, கண்ணிமைக்கும் நேரத்தில் இணைப்பைத் துண்டித்துவிடும். ஒருவர் உயிரைக் காப்பாற்றக்கூடிய சாதனம் இது. 1985க்கு முன் கட்டப்பட்ட சில வீடுகளில் இது இல்லாமலிருந்தது. 2023 ஜூலை 1 முதல் எல்லா வீடுகளிலும் இருக்க வேண்டும் என்று எரிசக்திச் சந்தை ஆணையம் விதித்து, பொருத்திக்கொள்ள இரண்டு ஆண்டுகள் அவகாசமும் கொடுத்தது. அந்த அவகாசம் முடிந்துவிட்டது. பழைய வீட்டில் தனியாக வசிக்கும் உறவினர் யாராவது இருந்தால், அடுத்தமுறை போகும்போது அவர் வீட்டு மின்பெட்டியைத் திறந்து பாருங்கள். பொத்தானை அழுத்தியதும் சுவிட்ச் 'டக்'கென்று கீழே விழ வேண்டும்; விழாவிட்டால் உரிமம் பெற்ற மின்பணியாளரைத் தாமதமின்றி அழைக்க வேண்டும்.

டிரிப் ஆனால், எந்தப் பொருளால் ஆனது என்று கண்டுபிடிக்க ஒரு முறையான வழி இருக்கிறது. உலர்ந்த கையோடு, காலில் செருப்போடு மின்பெட்டிக்குப் போய், சிறிய சுவிட்சுகள் அனைத்தையும் கீழே இறக்கிவிட்டு, ஆர்சிசிபியை மட்டும் மேலே தள்ளுங்கள். அது விழாமல் மேலேயே நின்றால், சிறிய சுவிட்சுகளை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். எதை ஏற்றும்போது மறுபடியும் விழுகிறதோ, கோளாறு அந்தத் தடத்தில்தான் இருக்கிறது. அதை மட்டும் இறக்கி வைத்துவிட்டு மற்றவற்றை ஏற்றிக்கொண்டால், குளிர்பதனப் பெட்டியும் விளக்கும் இயங்கும். பிறகு கோளாறுள்ள தடத்தில் செருகியிருக்கும் பொருள்கள் அனைத்தையும் கழற்றுங்கள். சுவரிலுள்ள சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே உருவ வேண்டும். ஏனென்றால் சுவர் சுவிட்ச் பெரும்பாலும் ஒரு கம்பியை மட்டுமே துண்டிக்கும், மற்றொரு கம்பி வழியாகக் கசிவு தொடரலாம். அதன்பின் ஒவ்வொரு பொருளாகச் செருகிப் பார்த்தால் குற்றவாளி அகப்பட்டுவிடும். பெரும்பாலும் அது வாட்டர் ஹீட்டராகவோ பழைய கெட்டிலாகவோ இருக்கும். எல்லாச் சிறிய சுவிட்சுகளும் இறங்கியிருந்தும் ஆர்சிசிபி மேலே நிற்க மறுத்தாலோ, கருகிய வாடை வந்தாலோ, அதற்குமேல் கை வைக்காதீர்கள். அது மின்பணியாளரின் வேலை. எங்கள் வீட்டு மின்பெட்டியில் ஒவ்வொரு சுவிட்சின் கீழும் தமிழில் சீட்டு ஒட்டியிருக்கிறேன். அம்மா இப்போது யாரையும் கேட்காமல் தாமே பார்த்துக்கொள்கிறார்.

நம்மவர்களிடம் குறிப்பாகச் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. ஊரிலிருந்து ஆசையாக வாங்கி வரும் மிக்சியும் கிரைண்டரும் இங்கேயும் ஓடும். இந்தியாவிலும் சிங்கப்பூரிலும் 230 வோல்ட்தான். ஆனால் அவற்றின் பிளக் உருண்டைக் கம்பிகள் கொண்டது. அதை மலிவான அடாப்டரில் செருகி, அடாப்டரை நீட்டிப்புக் கம்பியில் செருகி, மாவு ஆட்டும் அரைமணி நேரமும் அதைச் சூடேற விடுவது மிகவும் ஆபத்தானது. இங்குள்ள 13 ஆம்பியர் பிளக்கில் ஃபியூஸ் இருப்பதே பொருளின் மின்கம்பியைக் காப்பதற்குத்தான். மின்பணியாளரிடம் கொடுத்துச் சரியான ஃபியூஸ் உள்ள பிளக்கை மாட்டிக்கொண்டு, கிரைண்டரை நேரே சுவரில் செருகுங்கள். எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் வைத்துவிட்டுக் கதவைத் திறக்கப் போவதும் இதே அளவு ஆபத்தானது. இங்கு வீடுகளில் நிகழும் தீச்சம்பவங்களுக்குக் கவனிக்காமல் விட்ட சமையல் ஒரு முக்கியக் காரணம். தீபாவளி முறுக்கு சுடும்போது பொருத்தமான மூடியை அடுப்புக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் பற்றிக்கொண்டால், கை எட்டுமானால், எரிவாயுவை அணைத்துவிட்டுச் சட்டியை மூடுங்கள். சூடு ஆறும் வரை திறக்காதீர்கள், சட்டியை நகர்த்தாதீர்கள், தண்ணீர் மட்டும் ஊற்றவே ஊற்றாதீர்கள். தீ சட்டியைத் தாண்டிவிட்டால் எல்லாரையும் அழைத்துக்கொண்டு வெளியேறி, கதவைச் சாத்திவிட்டு, தீயணைப்புக்கான அவசர எண் 995ஐ அழையுங்கள். 2018 ஜூன் முதல் புதிய வீடுகளுக்குப் புகை எச்சரிக்கைக் கருவி கட்டாயம். பழைய வீடுகளில் பெரும்பாலும் கட்டாயமில்லை, ஆனாலும் வாங்கி மாட்டிவிடுங்கள்.

எரிவாயு வாடை வந்தால் எரிவாயு மீட்டருக்கு அருகிலுள்ள வால்வை அடைத்து, சன்னல்களைத் திறந்து, எந்தச் சுவிட்சையும் தொடாமல் வெளியே வந்து, அதன் பிறகுதான் தொலைபேசியை எடுக்க வேண்டும். சிலிண்டர் எரிவாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். குழாய்வழி வரும் எரிவாயு லேசானது, மேலே எழும். சிலிண்டர் வைத்திருப்பவர்கள் அடுப்பின் கீழ் அலமாரியை மூடி அடைத்து வைக்காதிருப்பது இதனால்தான் அவசியம்.

கூரையில் ஈரக்கறை தெரிந்தால் சாயம் பூசி மறைக்காதீர்கள். மேல்வீட்டுக் குளியலறைத் தரையின் நீர்த்தடுப்புப் படலம் தேய்ந்திருக்கலாம். வீவக செலவில் பாதியை ஏற்று, மீதியை இரு வீட்டாரும் சமமாகப் பகிர்ந்துகொள்ளும் உதவித் திட்டம் இருக்கிறது. மேல்வீட்டாரிடம் பேசும்போது இதையும் சொன்னால் பேச்சு இதமாக நடக்கும். திறந்து மூடும் சன்னல்களின் அலுமினிய ரிவெட்டுகளை, சன்னல் கழன்று விழாதிருக்க, துருப்பிடிக்காத எஃகு ரிவெட்டுகளாக மாற்றுவது 2004 முதல் சட்டப்படி கட்டாயம். பழைய வீட்டை வாங்கியவர்கள் இதை மறுபடியும் சரிபார்ப்பது நல்லது.

2018 செப்டம்பர் 18 அதிகாலையில் தீவின் பல பகுதிகளில் மின்சாரம் நின்றது; 38 நிமிடங்களில் திரும்பிவிட்டது. இங்கே அத்தகைய தடைகள் அரிது என்பதாலேயே நாம் எதையும் எடுத்து வைப்பதில்லை. ஒரு பையில் டார்ச், மின்கலங்கள், விசில், முதலுதவிப் பொருள்கள், குடிநீர், பவர் பேங்க், அடையாள அட்டைகளின் நகல், அன்றாட மருந்துகள் ஆகியவற்றை வைத்து, கதவருகே எளிதில் எடுக்கும் இடத்தில் வைத்துவிடுங்கள். பாம் ஷெல்டரின் (வீட்டுக்குள் உள்ள வெடிகுண்டுப் பாதுகாப்பு அறையின்) உள்மூலையில் பெட்டிகளுக்குப் பின்னால் வைத்தால் பயனில்லை. மின்தூக்கி நின்றால் படியிறங்க முடியாத பெரியவர்கள் உள்ள வீட்டில் மருந்து கூடுதலாக இருப்பு இருக்கட்டும். வால்வு இருக்கும் இடம், மின்பெட்டி இருக்கும் இடம், 995, நகர மன்றத்தின் அவசர எண், இரண்டு அண்டைவீட்டாரின் எண்கள் ஆகியவற்றைத் தாளில் பெரிய எழுத்தில் தமிழிலும், பணிப்பெண் படிக்கும் மொழியிலும் எழுதிக் கதவின் உட்புறத்தில் ஒட்டுங்கள். ஆண்டுதோறும் பிப்ரவரி 15 மாலை 6.20க்கு முழுமைத் தற்காப்பு தினச் சங்கொலி கேட்கும்போது பையைத் திறந்து, மருந்துகளின் காலாவதித் தேதியைப் பார்த்து, மின்கலங்களை மாற்றி, அப்படியே அம்மாவையும் பணிப்பெண்ணையும் நடைபாதைக்கு அழைத்துச் சென்று அந்த வால்வை அவர்கள் கையாலேயே ஒருமுறை அடைத்துத் திறக்கச் சொல்லுங்கள்.